உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம்

சில மாதங்களுக்கு முன் ஆவடியில் எங்கள் வீட்டுப் பரணில் ஒரு வி.எச்.எஸ். கேசட் கிடைத்தது. 1996-ல் நடந்த புதுமனை புகுவிழா. பாட்டியின் குரல் பதிவாகி இருப்பது அந்த ஒரு கேசட்டில் மட்டும்தான். கடையில் கொடுத்து கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றி வாங்கினேன். ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கடைசியில் பாட்டி ஆரத்திப் பாட்டு பாடும்போது வாய் மூடிய பிறகு குரல் வருகிறது! மூன்று நொடி வித்தியாசம். அப்பா பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

இதைச் சரிசெய்ய வழி தேடப்போய், சினிமா பேசத் தொடங்கிய காலத்துக்கே போய்விட்டேன். இது அவ்வளவு பழைய தலைவலி நண்பர்களே.

மௌனப் படக் காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். வேகம் கூடும், குறையும், யாரும் கவலைப்படவில்லை. ஒலி வந்ததும் அது முடியாமல் போயிற்று. வேகம் மாறினால் குரலே மாறிவிடும். அதனால்தான் நொடிக்கு 24 ஃபிரேம் என்று நிலைத்தது. 1927-ல் வந்த 'தி ஜாஸ் சிங்கர்' படத்துக்கு ஒலி தனி இசைத்தட்டில் இருந்தது. ஊசி ஒரு கோடு தாவினால் தீர்ந்தது கதை. பிறகு ஒலியைப் பிலிமின் ஓரத்திலேயே பதித்தார்கள். அதுவும் படத்துக்கு நேராக இருக்காது, ஏறக்குறைய 20 ஃபிரேம் முன்னால் இருக்கும். புரொஜக்டரில் படம் விழும் இடம் வேறு, ஒலியைப் படிக்கும் இடம் வேறு. நடுவில் ஆபரேட்டர் விடும் பிலிம் வளையம் அளவு தப்பினால் உதடு விலகிவிடும். நம் தியேட்டர்களில் விசில் பறந்த காரணங்களில் இதுவும் ஒன்று!

தமிழுக்கு வருவோம். 1931 அக்டோபர் 31-ல் சென்னையில் வெளியான 'காளிதாஸ்', எச்.எம்.ரெட்டி இயக்கத்தில் பம்பாயில் எடுத்த படம். டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, கதாநாயகன் தெலுங்கில் பதில் சொன்னார். மொழி ஒட்டாவிட்டாலும் உதடும் குரலும் ஒட்டின, ஏனென்றால் நடிக்கும்போதே பதிவு. பேசும் படம் என்றால் பம்பாய்க்கோ கல்கத்தாவுக்கோ போக வேண்டிய அந்த நிலையை மாற்றியவர் ஏ.நாராயணன். 1934-ல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சீனிவாசா சினிடோன் ஸ்டூடியோவைத் தொடங்கினார். அங்கே எடுத்த 'ஸ்ரீனிவாச கல்யாணம்' சென்னையிலேயே உருவான முதல் பேசும் படம். ஒலிப்பதிவு செய்தவர் அவர் மனைவி மீனாட்சி. இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று சொல்கிறார்கள். எத்தனையோ முறை பஸ்ஸில் அந்தச் சாலையில் போயிருக்கிறேன், இவர் பெயரை இப்போதுதான் கேள்விப்பட்டேன். நடிகர்கள் பெயர் தெரிந்த அளவுக்கு இவர்கள் பெயர் நமக்குத் தெரிவதில்லை.

1938-ல் ஏ.வி.மெய்யப்ப செட்டியாரின் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிப் பாட்டு வந்தது. அன்றுமுதல் குரல் ஒருவருடையது, உதடு வேறொருவருடையது. முதலில் பாட்டைப் பதிவு செய்து, படப்பிடிப்பில் ஓடவிட்டு அதற்கு வாயசைக்க வேண்டும். பதிவு செய்த வேகத்திலேயே அது ஓடவேண்டும், இல்லாவிட்டால் பாட்டு போகப்போக விலகும். 1944-ல் அவரே கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழில் டப் செய்தார். அங்கே வேறு மொழி வாயசைவுக்குள் தமிழ் வார்த்தைகளை அடக்கவேண்டிய பாடு.

ஆக, கோளாறு இரண்டு வகை. ஆரம்பம் முதல் ஒரே அளவு விலகல் என்றால் ஊசி தாவிய கதை. ஒலியை அத்தனை நொடி நகர்த்தினால் போதும். போகப்போகக் கூடினால் வேகக் கோளாறு. நகர்த்தினால் முன்பாதி கெடும். நான் முதலில் செய்த முட்டாள்தனம் அதுதான் :)

என் கேசட் இரண்டாவது வகை. ஒலி சரியாக 60 நிமிடம். நொடிக்கு 25 வீதம் 90,000 ஃபிரேம் இருக்கவேண்டும். இருந்தது 89,925. மாற்றும்போது 75 ஃபிரேம் அங்கங்கே விழுந்துவிட்டது. அதுதான் அந்த மூன்று நொடி. விர்ச்சுவல்டப் மென்பொருளில் ஃபிரேம் ரேட் பகுதியில், படத்தின் நீளத்தை ஒலியின் நீளத்துக்குச் சமமாக்கும் வசதி இருக்கிறது. அதைத் தேர்ந்தெடுத்ததும் 24.979 என்று காட்டியது. ஃபிரேம்கள் ஒரே இடத்தில் மொத்தமாக விழுந்திருந்தால் இந்த வழி உதவாது, அந்த இடத்தில் வெட்டித்தான் ஒட்டவேண்டும்.

இப்போது பாட்டியின் வாயோடு பாட்டு வருகிறது. அப்பா இரண்டு முறை பார்த்தார். நடுவில் யாரோ மிக்ஸி போட்ட சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது.