இருவர் இசை

புதுவையை அடுத்த ஏம்பலம் போன்ற நம் சிற்றூர்களில் சுவாமி புறப்பாட்டின்போது முன்னே வரும் மேளக்காரர்களைக் கண்டிருப்பீர்கள். முழு மேளம் என்றால் இரண்டு நாகசுரம், இரண்டு தவில், ஒத்து, தாளம் என்பது பழைய முறை. ஒத்து ஊதிய இடத்தில் இன்று பெரும்பாலும் சுருதிப்பெட்டி ஒலிக்கின்றது. எனினும் நாகசுரம் இரண்டாக நிற்கும் வழக்கம் அழியவில்லை. இருவர் எதற்கு?

வீதி வலம் பல நாழிகை நீள்வது. ஒருவர் மூச்சு வாங்கும்பொழுது மற்றவர் இசையை அறுபடாமல் தாங்க வேண்டும். இது முதற் காரணம். ஆனால் இருவர் இணைந்து வாசிப்பது எளிதன்று. நாகசுரத்தில் விரல் வைக்கும் துளைகள் ஏழே. இடைப்பட்ட சுரங்கள், துளையைப் பாதி மூடுவதாலும், சீவாளி வழியே செலுத்தும் காற்றைக் கூட்டிக் குறைப்பதாலும் பிறக்கின்றன. இருவருடைய மூச்சும் விரலும் ஒத்தாலன்றி, ஒரே சுரம் இரண்டாகப் பிளந்து கேட்கும்.

இவ்வருமையைச் சாதித்துப் புகழ் பெற்றவர்கள் திருவீழிமிழலை சகோதரர்களாகிய சுப்பிரமணிய பிள்ளையும் நடராஜசுந்தரம் பிள்ளையும். அவர்களுடைய இணைவுக்கு அடிப்படை பாடத் தூய்மை. முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் சிலவற்றைச் சுரக்குறிப்புடன் 1936ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டவர் நடராஜசுந்தரம் பிள்ளை. பாடம் ஒன்றாக இருந்தால்தானே இரு கருவிகள் ஒரு குரலாகப் பேசும்?

சகோதரர்கள் என்றதும், ஒருதாய் வயிற்றில் பிறந்தோரே இவ்வாறு ஒன்ற முடியும் என்று எண்ணிவிடக் கூடாது. வாய்ப்பாட்டில் பெயர் பெற்ற ஆலத்தூர் சகோதரர்கள் உடன்பிறந்தவர் அல்லர். சிவசுப்பிரமணிய ஐயர் ஆலத்தூர் வெங்கடேச ஐயரின் மைந்தர். சீனிவாச ஐயர் அவரிடம் பயின்ற மாணவர். ஒரே ஆசானின் பயிற்சி அவர்களைச் சகோதரர்கள் ஆக்கியது. பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கத்தோடு அவர்கள் பாடிய பல்லவிகள் கணக்கு வன்மைக்குப் பேர் பெற்றவை. அத்தகைய பல்லவியில் ஒருவர் கணக்குத் தவறினால் இருவரும் தவறுவர். ஒருவரை ஒருவர் நம்பியே அடியெடுத்து வைக்க வேண்டும்.

இருவராய் வளர்த்த இசைக்கு உலகம் தந்த சிறப்போ, நெடுங்காலம் ஒருவர் பெயரிலேயே அமைந்தது. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது 1956இல் திருவீழிமிழலை சுப்பிரமணிய பிள்ளைக்கு மட்டும் கிடைத்தது. ஆலத்தூர் இருவருள் சிவசுப்பிரமணிய ஐயருக்கு 1964இலும், சீனிவாச ஐயருக்கு 1965இலும் தனித்தனியே வழங்கப்பட்டது. பின்னர் 2010இல் பம்பாய் சகோதரிகளாகிய சரோஜாவும் லலிதாவும் அதே விருதை ஒருங்கே பெற்றனர். மேடையில் பிரிக்க இயலாதவர்களை விருதிலும் பிரிக்காமல் வைத்தது முறையே அன்றோ?

மாணவர்களே! சேர்ந்து பாட விரும்புவோர் முதலில் பயில வேண்டுவது கேட்டல். துணைவர் எங்கே மூச்சு வாங்குவார், எங்கே இடம் விடுவார் என்று செவி அறிந்திருக்க வேண்டும். தனக்கு வரும் அரிய சங்கதியை, தோழர் தொடங்கிய பிடி முடியும் வரை அடக்கி வைக்கவும் தெரிய வேண்டும். அடுத்த திருவிழாவில் நாகசுரம் ஒலிக்கும்போது சற்றே நின்று கேளுங்கள். வாசிப்பவரைப் பார்த்த பின், அவ்வேளை வாசிக்காமல் காத்து நிற்பவரையும் பாருங்கள். அவருடைய அமைதியும் அவ்விசையின் ஒரு பகுதியே.