முதலாளி பேர் என்ன?

போன தடவை தளவாய்புரத்துக்குப் போனப்போ சித்தி என் கையில போனைக் கொடுத்து, "இந்த ஃபாரத்தைக் கொஞ்சம் போட்டுக் குடுப்பா"ன்னு சொன்னாங்க. ஒரு உதவித் திட்டத்துக்கான ஆன்லைன் விண்ணப்பம். பேர், வயசு, ஆதார் எல்லாம் போட்டாச்சு. அடுத்த கட்டம்: வேலை கொடுப்பவர் பெயர், முகவரி. பக்கத்துல சிவப்பு நட்சத்திரம். அதை நிரப்பாம அடுத்த பக்கத்துக்குப் போக முடியாது.

"சித்தி, உங்க முதலாளி பேர் என்ன?"

சித்தி சிரிச்சிட்டாங்க. "எந்த முதலாளிப்பா?"

எங்க ஊரைத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். ராஜபாளையம் பக்கத்துல இருக்குற தளவாய்புரம், நைட்டி தைக்கிற ஊர். வெட்டின துணி கட்டுக்கட்டா வீட்டுக்கு வரும். ஒரு பீஸுக்கு இவ்வளவுன்னு கூலி. கட்டைக் கொண்டு வர்றவர் ஒருத்தர், அவருக்குக் கொடுக்கிறவர் இன்னொருத்தர், கடையில விற்கிறவர் வேற ஒருத்தர். இந்த வாரம் ஒரு இடத்து வேலை, அடுத்த வாரம் வேற இடத்து வேலை. மெஷின் சித்தியோடது, கரண்ட் பில்லும் சித்தியோடது. இதுல யார் பேரை நான் டைப் பண்றது?

அன்னைக்கு ராத்திரி இதைப் பத்திப் படிக்க ஆரம்பிச்சேன். இந்த ஒரே கேள்வி ஐம்பது வருஷத்துக்கும் மேலா உழைக்கிறவங்களை வாசல்லயே நிறுத்தியிருக்குன்னு தெரிஞ்சது. அந்த வரலாறுதான் இந்த எபிசோட்.

1972, அகமதாபாத். இளா பட் சேவா சங்கத்தைத் தொழிற்சங்கமா பதிவு பண்ணப் போறாங்க. உறுப்பினர்கள் தலைச்சுமைப் பெண்கள், தெருவுல வியாபாரம் பண்றவங்க, வீட்டுல தைக்கிறவங்க. தொழிலாளர் துறை கேட்டது: உங்களுக்கு முதலாளியே இல்லையே, யாரை எதிர்த்துச் சங்கம்? சேவாவோட பதில், சங்கம்னா யாரையாவது எதிர்க்கணும்னு இல்லை, உறுப்பினர்கள் ஒண்ணு சேர்றதுக்கும்தான். வாதாடித்தான் அந்த வருஷம் பதிவு வாங்கினாங்க.

இதுக்கு மூணு வருஷம் முன்னாடியே மகாராஷ்டிராவுல வேற ஒரு விடை கிடைச்சிருந்தது. மும்பைச் சந்தைகள்ல மூட்டை தூக்குற மாத்தாடித் தொழிலாளர்கள் ஒரே நாள்ல பல வியாபாரிகளுக்கு வேலை செய்வாங்க. அண்ணாசாகேப் பாட்டீல் தலைமையில அவங்க போராடினதுக்குப் பிறகு 1969-ல ஒரு சட்டம் வந்தது. வியாபாரிகள் கூலியையும் அதுக்கு மேல ஒரு தொகையையும் வாரியத்துல கட்டணும். வாரியம் தொழிலாளிக்குக் கொடுக்கும். பல முதலாளிகளுக்கு நடுவுல நிலையான ஒரு இடத்தை உருவாக்கிட்டாங்க.

இப்ப தமிழ்நாட்டுக்கு வருவோம். 1979-ல தமிழ் மாநில கட்டடத் தொழிலாளர் சங்கம் தொடங்குது. கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுறவங்க. 1982-ல தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் நிறைவேறுது. ஆனா கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைஞ்சது 1994-ல. நடுவுல பன்னிரண்டு வருஷம்! சட்டம் புத்தகத்துல இருக்கு, ஆள் சாரத்துலிருந்து விழுந்தா குடும்பத்துக்குக் கொடுக்க ஒரு அமைப்பு இல்லை.

அந்த இடைவெளியில அவங்க சும்மா இருக்கல. 1985-ல நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் தலைமையில தேசியப் பிரச்சாரக் குழு உருவாச்சு. பல மாநிலச் சங்கங்களும் சட்ட வல்லுநர்களும் ஒண்ணா உட்கார்ந்து, தங்களுக்கு வேண்டிய சட்டத்தைத் தாங்களே வரைவு பண்ணாங்க. கையெழுத்து வாங்கி நாடாளுமன்றத்துக்கு மனு கொடுத்தாங்க. 1996-ல மத்தியச் சட்டம் ரெண்டு வந்தது: ஒண்ணு நலனுக்கு, இன்னொண்ணு செஸ் வசூலுக்கு.

எனக்குப் பிடிச்ச விஷயம் அந்த செஸ்தான். மேஸ்திரி மாறுவார், காண்டிராக்டர் மாறுவார், கட்டடம் எங்கேயும் ஓடாது. அதனால கட்டுமானச் செலவுல ஒரு சதவீதத்தை நிதிக்குக் கொடுன்னு, கட்டடத்து மேலயே பொறுப்பைக் கட்டிட்டாங்க. தினமும் ஆள் மாறுற வேலையைச் செஞ்சு பார்த்தவங்களுக்குத்தான் 'முதலாளியைத் தேடாதே, பொருளைப் பிடி'ங்கிறது சட்டுன்னு புரியும்.

எங்க பக்கத்துக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பீடி. தென்காசி, நெல்லை வட்டாரத்துல பெண்கள் வீட்டுல உட்கார்ந்து பீடி சுத்துவாங்க. பீடித் தொழிலாளர்களுக்காக 1976-ல நல நிதிச் சட்டம் வந்தது. உற்பத்தியாகுற பீடி மேல செஸ். 2017-ல ஜிஎஸ்டி வந்தப்போ அந்த செஸ் நீக்கப்பட்டது. பொருளோட இருந்த முடிச்சு அவிழ்ந்ததும், வருஷா வருஷம் பட்ஜெட்டைப் பார்க்குற நிலைமை.

சரி, பணம் வந்தா போதுமா? போதலை. 1996 சட்டப்படி பதிவு பண்ண, முந்தைய 12 மாசத்துல 90 நாளாவது கட்டுமான வேலை செஞ்சிருக்கணும்னு இருந்தது. அதை யார் எழுதிக் கொடுப்பா? கையெழுத்துப் போட்டா நாளைக்குப் பொறுப்பு வருமேன்னு காண்டிராக்டர் நழுவுவார். அதே பிரச்சாரக் குழு உச்ச நீதிமன்றத்துக்குப் போச்சு. 2018 மார்ச் தீர்ப்புல வெளிவந்த கணக்கு: நாடு முழுக்க வசூலான செஸ் 37,400 கோடி ரூபாய்க்கு மேல, செலவானது சுமார் 9,500 கோடி. கல்லாப்பெட்டி நிறைஞ்சிருக்கு, வரிசையில நிக்கிறவங்க கையில காகிதம் இல்லை.

2020-ல கொரோனா நேரத்துல தமிழ்நாடு அரசு நல வாரிய உறுப்பினர்களுக்கு நிவாரணம் அறிவிச்சப்போ, பதிவு இருந்தவங்களுக்கும் இல்லாதவங்களுக்கும் உள்ள வித்தியாசம் எல்லாத் தெருவுலயும் தெரிஞ்சது.

தையல்காரங்களுக்கும் தமிழ்நாட்டுல தனி நல வாரியம் இருக்கு. கட்டுமானத்துல தொடங்கின பாதை மத்தத் தொழில்களுக்கும் விரிஞ்சதோட பலன் அது. பிள்ளைங்க படிப்பு, பிரசவம், விபத்து, ஓய்வூதியம்னு உதவிகள் உண்டு. ஆனா கட்டடத்துக்கு இருக்குற மாதிரி நைட்டி மேல ஒரு செஸ் இல்லை. ஒரு நைட்டிக்குச் சில பைசா போதுமே, அதைத் தையல்காரங்க பேருல ஒதுக்கினா என்னன்னு நான் கேட்டதுக்கு சித்தி சொன்னது: "அதைக் கூலியில பிடிச்சிருவாங்கப்பா. அதுக்கும் வழி பார்த்துட்டு அப்புறம் சட்டம் போடச் சொல்லு." ஒரு திட்டத்தை ஒரு நிமிஷத்துல ரிவ்யூ பண்ணி, ஓட்டையைக் கண்டுபிடிச்சுட்டாங்க.

ஒரு விஷயத்தை ஒத்துக்கணும். அந்தச் சிவப்பு நட்சத்திரம் மாதிரி நூறு நட்சத்திரம் நானே போட்டிருக்கேன். ஆபீஸ்ல ஃபார்ம் செய்யும்போது, 'இதை நிரப்ப முடியாதவங்க யாரு?'ன்னு நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எனக்கு அது ஒரு வேலிடேஷன் ரூல், சித்திக்கு அது மூடின கதவு.

அந்த விண்ணப்பம் அன்னைக்கு முடியலை. மறுநாள் தெருவுல இருக்குற ஏழெட்டு அக்காமார்களைக் கூப்பிட்டு, தையல் வாரியப் பதிவுக்கு யார் யாரிடம் என்ன காகிதம் இருக்குன்னு ஒரு நோட்டுல எழுதினோம். பாதிப் பேருக்கு அப்படி ஒரு வாரியம் இருக்குறதே தெரியல. இன்னொருத்தங்க ஏற்கெனவே பதிவு பண்ணி, புதுப்பிக்காம விட்டிருந்தாங்க. நோட்டு இப்ப சித்திகிட்ட இருக்கு. முதல் பக்கத்துல அவங்களே ஒரு தலைப்பு எழுதியிருக்காங்க: 'தைக்கிறவங்க'. முதலாளி பேருக்கு அதுல கட்டமே இல்லை.

உங்க வீட்டுலயும் தைக்கிறவங்க, கட்டுறவங்க, சமைக்கிறவங்க இருந்தா, இந்த வாரம் கேட்டுப் பாருங்க: பதிவு இருக்கா? புதுப்பிச்சாச்சா? அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.