பேய்க்கதைக்குள் ஒரு தாய்



தமிழ்ப்பள்ளி ஆசிரியர் பேய்ப்படத்தைப் பற்றியா எழுதுவது என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். சற்றுப் பொறுமையுடன் படியுங்கள். பேய்க்கதையும் ஒரு வரலாற்றுச் சான்றுதான் என்பது என் கருத்து.

1962-ஆம் ஆண்டில் ‘டேல்ஸ் ஆஃப் டெரர்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் வெளிவந்தது. இயக்கியவர் ரோஜர் கோர்மன். சிக்கனத்திற்குப் பெயர்பெற்றவர் அவர். ஒரு படத்துக்கு எழுப்பிய அரங்குகளை அடுத்த படத்துக்கும் மாற்றிப் பயன்படுத்துவார். எட்கர் ஆலன் போவின் சிறுகதைகளைத் தழுவி, மூன்று தனிக்கதைகளாக இப்படத்தை அமைத்தார். திரைக்கதை எழுதியவர் ரிச்சர்ட் மாத்தெசன். மூன்று கதைகளிலும் நடித்தவர் வின்சென்ட் பிரைஸ்.

இரண்டாம் கதையில் ஒரு கறுப்புப் பூனையும், மூன்றாம் கதையில் சாகும் வேளையில் அறிதுயிலில் நிறுத்தப்பட்ட ஒரு மனிதனும் நம்மை அச்சுறுத்துவர். ஆயினும் என்னைச் சிந்திக்க வைத்தது ‘மொரெல்லா’ என்னும் முதற்கதையே. மகளைப் பெற்றபின் மாண்டுபோன தாய், தன் சாவுக்கு அம்மகளே காரணம் எனப் பழிசுமத்தி, பல்லாண்டுகளுக்குப் பின் அவளுடலைக் கைப்பற்ற வருகிறாள். 1835-இல் போ எழுதிய மூலக்கதையிலோ, அவள் மகப்பேற்றின்போதே உயிர்விடுகிறாள். போ, மூன்று வயது நிறையுமுன்பே தாயை இழந்தவர் என்பதையும் இங்கே நினைவிற்கொள்வோம்.

இப்போது நம் பக்கம் வருவோம்.

அப்படத்துக்கு ஐந்தாண்டுகள் முன்னரே, 1957 ஏப்ரலில், மலாயா விடுதலை பெறுவதற்கு நான்கு திங்கள் இருக்கையில், சிங்கப்பூரில் ‘பொந்தியானாக்’ திரையேறியது. கேத்தே கெரிஸ் நிறுவனத்தின் மலாய்ப் படம் அது. நாயகி மரியா மெனாடோ. இயக்குநர் யார் தெரியுமா? ‘ரம்பையின் காதல்’ (1939), ‘மதனகாமராஜன்’ (1941) ஆகிய தமிழ்ப் படங்களை இயக்கிய பி. என். ராவ்! தமிழ்த்திரையில் பழகிய கைதான் மலாய்த்திரையின் புகழ்பெற்ற பேயை உருவாக்கியது. இச்செய்தி நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

போவின் கதையைப் போல் பொந்தியானாக்கிற்கு மூலநூல் கிடையாது. அது கம்பத்து மக்களின் வாய்மொழி நம்பிக்கை. மகப்பேற்றில் இறந்த பெண்ணே பொந்தியானாக் ஆகிறாள் என்பர். வாழைமரத்தில் தங்குவாள் என்பர். பிடரியில் ஆணி அடித்தால் அடங்குவாள் என்றும் சொல்வர்.

ஆணி என்றதும் நம் முன்னோர் நினைவுக்கு வரவில்லையா? பேய் பிடித்தவரின் முடியைப் புளியமரத்தில் வைத்து ஆணி அடிக்கும் வழக்கம் நம்மிடையே இருந்ததே! மலாய்க்காரர் பிடரியில் அடித்தனர். நாம் மரத்தில் அடித்தோம். அச்சம் என்னவோ ஒன்றுதான்.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். தமிழகச் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கற்களைக் காணலாம். வயிற்றுச் சுமையை இறக்கி வைக்காமலே மாண்ட பெண்களின் நினைவாக அவற்றை நட்டனர். வழிப்போக்கர் தம் தலைச்சுமையை அக்கல்லில் இறக்கி இளைப்பாறினால், அவள் சுமையும் குறையும் என்பது நம்பிக்கை. அமெரிக்காவில் மொரெல்லா, மலாயாவில் பொந்தியானாக், தமிழகத்தில் சுமைதாங்கி... மூன்றுக்கும் அடியில் இருப்பது ஒரே துயரம்.

இரத்தம் செலுத்தவும் அறுவை செய்யவும் வசதியற்ற காலத்தில் பிள்ளைப்பேறு மறுபிறப்பாகவே இருந்தது. மெர்போக் வட்டாரத் தோட்டங்களின் லயத்து வீடுகளிலும் மருத்துவச்சியை நம்பியே பிள்ளை பெற்றனர். பிழைக்காத தாய்மாரின் பெயர்களைப் பேசுவோர் இன்று யார்? ஆனால், “அந்த மரத்தடிக்கு அந்தியில் போகாதே” என்னும் எச்சரிக்கை மட்டும் தங்கிவிட்டது. நாம் பேய்க்கு அஞ்சினோம்; பேயாக்கப்பட்டவள் ஒரு தாய் என்பதை மறந்தோம்.

பொந்தியானாக் வெற்றிபெற்றதால், அதே ஆண்டில் ‘டெண்டாம் பொந்தியானாக்’, 1958-இல் ‘சும்பா பொந்தியானாக்’ ஆகிய தொடர்ச்சிகள் வந்தன. மூன்றாவது மட்டுமே இன்று எஞ்சியுள்ளது. முதலிரண்டின் படச்சுருள்களைத் தயாரிப்பாளர் ஹோ ஆ லோக் பழைய ஈயக்குட்டை ஒன்றில் எறிந்துவிட்டார் என்று திரை வரலாறு எழுதியோர் கூறுவர். போவின் கதைகள் அச்சில் இருந்ததால் கோர்மன் நூறாண்டுகளுக்கு மேல் கழித்தும் அவற்றை எடுத்தாள முடிந்தது. நம் தோட்டத்துக் கதைகளோ அச்சிலும் இல்லை, படச்சுருளிலும் இல்லை. சில முதியவர்களின் நெஞ்சில் மட்டுமே உள்ளன.

பூஜாங் பள்ளத்தாக்கின் கல்லையும் கட்டடத்தையும் காட்டி நம் கடாரத்து வரலாற்றைப் பெருமையுடன் பேசுகிறோம். நன்று. ஆனால் பால்மரக் காட்டில் வாழ்ந்து மடிந்த பெண்களுக்கு யார் கல்வெட்டு வைத்தார்கள்? பேய்க்கதைதான் அவர்களின் கல்வெட்டு.

எனவே நண்பர்களே, உங்கள் பாட்டி பேய்க்கதை சொன்னால் மூடநம்பிக்கை என்று தள்ளிவிடாதீர்கள். பேயை நம்பவும் வேண்டா. “அந்தப் பெண்ணின் பெயர் என்ன பாட்டி? எந்தத் தோட்டம்? எப்படி இறந்தாள்?” என்று கேளுங்கள். கேட்டதை ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிந்துவிட்டன. சொல்லத் தெரிந்தவர்களும் ஒவ்வொருவராய் விடைபெறுகின்றனர்.

எழுதுவோம், இன்றே எழுதுவோம்.