வீடா, கடையா?

கெங்கவல்லியில் கடன் மனுக்களை நிரப்பிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. படிவத்தில் ‘குடியிருப்பு’, ‘வணிகம்’ என்று இரண்டு கட்டங்கள். முன்கட்டில் மளிகை, பின்கட்டில் அடுப்பு, மாடியில் மகன் குடித்தனம் என்றிருப்பவர் எதில் டிக் போடுவது? நம் பழைய நகரங்கள் இந்தக் கேள்வியை அறியாதவை.

மதுரையை எடுத்துக்கொள்ளலாம். ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி என்று கோயிலைச் சுற்றிச் சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். உபயோகத்தால் அல்ல, திருவிழாவால் பெயர் பெற்றவை. தெற்கு ஆவணி மூல வீதியில் கீழே நகைக்கடை, மேலே குடித்தனம். 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டையை இடித்து அகழியைத் தூர்த்தபோது வெளி வீதிகள் பிறந்தன; அவையும் இப்படியே நிரம்பின.

1914இல் கவர்னர் பென்ட்லண்ட் அழைத்து வந்தவர் பாட்ரிக் கெடிஸ். (அவருடைய கண்காட்சிப் படங்கள் ஏறிய கப்பலை எம்டன் மூழ்கடித்தது, புதிதாகச் சேகரித்து 1915 ஜனவரியில் சென்னையில் வைத்தார்.) தஞ்சையிலும் மதுரையிலும் சந்து சந்தாக நடந்தவர். நேர்சாலைக்காகத் தெருவையே இடிக்காதே, பாழடைந்த ஒன்றிரண்டை மட்டும் அகற்று என்றார். காக்கும் ரணசிகிச்சை என்பது அவர் கட்சி. ஜேன் ஜேக்கப்ஸ் நியூயார்க் தெருக்களுக்காக இதையொட்டி வாதாடியது 1961இல். பத்தாண்டு கழித்து, 1971இல், நம் நகர் ஊரமைப்புச் சட்டம் நிலத்தை உபயோகவாரியாகப் பிரித்து வரைய வழிசெய்தது.

பழைய சதுரங்களைப் பொற்காலமாக்க எனக்குச் சம்மதமில்லை. அவை சாதியையும் அடுக்கி வைத்தவை. ஆனால் தொழிலையும் தூக்கத்தையும் அவை பிரிக்கவில்லை.

மனுதாரர் இரண்டு கட்டங்களிலும் டிக் போட்டிருந்தார். ஒன்றை அடிக்கச் சொன்னேன்.

“அப்ப ஊட்ட அடிச்சிருங்க சார்.”

அடித்தேன்.