பயண டிரெய்லரின் பின்பாரம்

காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் குடியிருப்பு வண்டியை அமெரிக்காவில் பயண டிரெய்லர் என்பார்கள். அதன் பின்முனையில் சைக்கிள், ஜெனரேட்டர், விறகு முதலியவற்றை ஏற்ற இரும்புத் தட்டு பொருத்துகிறார்கள். வண்டியின் வால்புறத்தில் சுமை ஏற்றும் இந்த வழக்கம் டிரெய்லரைவிடப் பழமையானது.

18ஆம் நூற்றாண்டில் பென்சில்வேனியாவில் சரக்கு ஏற்றிய கானஸ்டோகா வண்டிகளின் பின்புறத்தில் குதிரைகளின் தீனித் தொட்டி தொங்கியது. 1866இல் டெக்சாஸ் மாட்டுப் பண்ணையாளர் சார்லஸ் குட்நைட், ராணுவம் கழித்த வண்டி ஒன்றின் பின்முனையில் சமையல் பெட்டியை அமைத்தார். அதன் மூடியை இறக்கினால் மேசையாகும். இங்கிலாந்தில் ரோமானி மக்களின் குடியிருப்பு வண்டிகளிலும் பின்புறம் சாமான் தட்டு இருந்தது. இவை அனைத்தும் நான்கு சக்கர வண்டிகள். முன்னும் பின்னும் இரண்டு அச்சுகள் பாரத்தைத் தாங்கியதால், வால்புறச் சுமை வண்டியின் நிதானத்தைக் கெடுக்கவில்லை.

கார் வந்தபின் நிலைமை மாறியது. 1919இல் ஃபுளோரிடாவின் டாம்பாவில் 'டின் கேன் டூரிஸ்ட்ஸ்' என்ற பயணிகள் சங்கம் உருவானது. 1930களில் டெட்ராய்ட்டின் ஆர்தர் ஷெர்மன் 'கவர்ட் வேகன்' டிரெய்லர்களைத் தொழிற்சாலையில் பெருமளவில் கட்டினார். 1936இல் வாலி பயாமின் 'ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர்' அலுமினிய உடலோடு வந்தது. இவற்றின் எடையை நடுப்பகுதியிலுள்ள அச்சும், காரோடு இணையும் கொக்கியும் பகிர்ந்துகொண்டன.

அங்கேதான் பின்பாரம் சிக்கலாயிற்று. இரட்டைச் சக்கர மாட்டுவண்டியில் பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே எழும். டிரெய்லரிலும் அதே கதைதான். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் அழுத்த வேண்டும் என்பது பொது விதி. 2,000 கிலோ டிரெய்லர் ஒன்று கொக்கியில் 240 கிலோ அழுத்துகிறது என்று கொள்வோம். கொக்கி அச்சுக்கு 4 மீட்டர் முன்னும், தட்டு 3 மீட்டர் பின்னும் இருந்தால், தட்டில் வைக்கும் 100 கிலோ கொக்கியிலிருந்து 75 கிலோவைத் தூக்கிவிடும். மிஞ்சுவது 165 கிலோ. அது மொத்தத்தில் 8 சதவீதம்கூட இல்லை. கொக்கி இலகுவானால் டிரெய்லரின் வால் பக்கவாட்டில் ஆடத் தொடங்கும். வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் பேரில் மாநிலங்களை இணைக்கும் விரைவுச் சாலைகள் பரவியபின் இந்த ஆபத்து பெரிதாயிற்று.

இன்னொரு சிக்கல் பம்பரில் இருந்தது. பல டிரெய்லர்களின் பின்பம்பர் 4 அங்குலச் சதுரக் குழாய்தான். கழிவுநீர்க் குழாயை உள்ளே செருகி வைக்கவும், உபரிச் சக்கரத்தைத் தாங்கவும் அது பயன்பட்டது. அதன் தகடு மெல்லியது. அதில் தட்டைப் பூட்டி ஓட்டியவர்கள், மேடு பள்ளங்களில் சுமை துள்ளித் துள்ளிப் பற்றவைப்பு விரிசல் விடுவதைக் கண்டார்கள்.

இதற்கு மாற்றாகத் தட்டைச் சேஸிஸிலேயே பிணைக்கும் முறை வந்தது. சேஸிஸின் இரு நெடுஞ்சட்டங்களையும் ஒரு குறுக்குச் சட்டத்தால் இணைத்து, பிக்கப் லாரிகளில் உள்ளதைப் போன்ற 2 அங்குலச் சதுரத் துளையை அதில் அமைக்கிறார்கள். தட்டின் தண்டு அதில் செருகப்படுகிறது. சுமை பம்பரை விட்டுச் சேஸிஸுக்கு மாறினாலும் நெம்புகோல் கணக்கு மாறுவதில்லை. ஆகவே தட்டில் இலகுவான பொருள்களை மட்டும் வைத்து, கனமானவற்றை அச்சுக்கு முன்னால் நகர்த்தி, கொக்கி எடையை மறுபடி அளந்து பார்ப்பதும், பின்விளக்குகளும் எண் பலகையும் மறையாதபடி பார்த்துக்கொள்வதும் இந்த வேலையின் பகுதியாகின.