கம்பிக்கு அடியில் கரையும் வேர்

பள்ளி விடும் நேரத்தில் செங்காங் இலகு ரயிலில் ஏறினால் பல்லுக்குக் கம்பி போட்ட பிள்ளைகளைப் பார்க்கலாம். "கம்பி போட்டால் வேர் கரைந்துபோகுமாமே?" என்ற பெற்றோரின் அச்சத்திற்கு ஏறத்தாழ நூறு வயது.

நிலைத்த பல்லின் வேரும் கரையக்கூடும் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே தெரியும். ஆனால், வாயில் இருக்கும் பல்லின் வேரை எப்படிப் பார்ப்பது? 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்த பிறகுதான் அதற்கு வழி பிறந்தது.

அமெரிக்காவின் டென்வர் நகரில் பல் சீரமைப்பு மருத்துவராக இருந்தவர் ஆல்பர்ட் கெட்சம். கம்பி போட்டவர்களின் எக்ஸ்ரே படங்களை ஆராய்ந்து 1927இலும் 1929இலும் அவர் அறிக்கைகள் வெளியிட்டார். சிகிச்சை பெற்றவர்களில் சுமார் 21 விழுக்காட்டினருக்கு வேர் நுனி கரைந்திருந்தது; பெறாதவர்களிடம் அது 1 விழுக்காடு அளவே. தம் பிழைப்புக்கே உலை வைக்கக்கூடிய கணக்கை அவரே போட்டுக் காட்டினார்! சக மருத்துவர்கள் அவரை ஒதுக்கிவிடவில்லை. 1929இல் அமைந்த அமெரிக்கப் பல் சீரமைப்பு வாரியத்தின் முதல் தலைவர் அவர்தான். சிங்கப்பூரில், ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரியில் பல் மருத்துவப் படிப்பு தொடங்கியதும் அதே ஆண்டில்தான்.

உணவு, சுரப்பிகளின் கோளாறு ஆகியவற்றையும் கெட்சம் சந்தேகித்தார். ஆனால் விசையின் பங்கு பெரிது. பல்லை நகர்த்த, அழுத்தம் விழும் பக்கத்து எலும்பு கரைந்தாக வேண்டும். அழுத்தம் மிகுந்தால் அங்கே ரத்த ஓட்டம் தடைப்பட்டுத் திசு மடிகிறது. அதை அப்புறப்படுத்த வரும் உயிரணுக்கள் வேரையும் சேர்த்து அரித்துவிடுகின்றன. ரத்த நுண்குழாய்களின் அழுத்தத்தைத் தாண்டாத மெல்லிய விசையே போதும் என்று ஷ்வார்ட்ஸ் 1932இல் வலியுறுத்தினார்.

பெரும்பாலோருக்கு இழப்பு ஓரிரண்டு மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும், பல்லுக்கு ஆபத்தில்லை. வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கரைவது மிகச் சிலருக்கே. மேல்வரிசை முன்பற்கள், கூம்பிய வேர்கள், முன்பு அடிபட்ட பற்கள், நீண்டுபோகும் சிகிச்சை ஆகியவற்றில் அபாயம் கூடுதல். வலி இருக்காது என்பதுதான் சங்கடம், எக்ஸ்ரேதான் காட்டிக்கொடுக்கும். ஆகவே தொடங்குமுன் ஒன்றும், ஆறு முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் இன்னொன்றும் எடுத்து ஒப்பிடுவது நல்லது. கரைவது தெரிந்தால் இரண்டு மூன்று மாதம் விசையை நிறுத்தி வைப்பார்கள். வேரின் பக்கவாட்டில் விழுந்த சிறு குழிகள் ஆறிவிடும். நுனியில் குறைந்த நீளம் மட்டும் திரும்ப வளராது.