குட்டி யானையும் கேஸ் வண்டியும்: மிஸ்ஸிங் எங்கே பிறக்கிறது?

காஞ்சிபுரத்தில் பட்டு கனமில்லாத சரக்கு. பிள்ளையார்பாளையத்திலிருந்து காந்தி ரோட்டுக் கடைகளுக்குச் சேலைக் கட்டுகளைக் கொண்டுபோகும் வண்டியில் இன்ஜின் கோளாறு இருந்தாலும் ஓட்டுபவருக்குத் தெரியாது. அதே வண்டி உத்திரமேரூர்ப் பக்கம் நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது திக்கும், குலுக்கும், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுக்காது. ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்தினால் சமர்த்தாக ஓடும். ‘ஓடுதே, என்ன குறை?’ என்பார் மெக்கானிக்.

விட்டு விட்டு வரும் மிஸ்ஸிங்கில், அதாவது சிலிண்டரில் எரிபொருள் எரியாமல் விடுவதில், பணம் வீணாவது இந்த இடத்தில்தான். ஒன்றும் பிடிபடாததால் ஃபில்டர், பிளக், பம்ப் என்று வரிசையாக மாற்றுகிறார்கள். மாற்றுவதற்கு முன் ‘எப்போது வருகிறது?’ என்று கேட்க வேண்டும். சூட்டிலா, மழையிலா, பாரத்திலா, டேங்க் காலியாகும்போதா? ஆனால் ஒரே கேள்விக்கு டீசல் வண்டி தரும் பதில் வேறு, கேஸ் வண்டி தரும் பதில் வேறு.

டீசல் வண்டிக்கு உதாரணம் டாடா ஏஸ். 2005இல் வந்தபோது அதற்கு 702 சிசி, இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன். நம் ஊரில் அதற்குக் குட்டி யானை என்று பெயர். கேஸ் வண்டிக்கு உதாரணம் மாருதி சூப்பர் கேரியின் சிஎன்ஜி வகை: ஏறக்குறைய 1,200 சிசி, நான்கு சிலிண்டர், கூடவே ஐந்து லிட்டர் பெட்ரோல் டேங்க். பழைய ஏஸில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை இறுக்கிச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். ஏறக்குறைய 210 டிகிரி செல்சியஸ் போதும். சிஎன்ஜியில் இருக்கும் மீத்தேனுக்கு 500 டிகிரிக்கும் மேல் வேண்டும். அதனால் அங்கே பொறி வைத்துத்தான் கொளுத்தியாக வேண்டும். மிஸ்ஸிங் என்றால் டீசல் வண்டியில் டீசல் வரும் வழியையும், கேஸ் வண்டியில் கரண்ட் வரும் வழியையும் முதலில் சந்தேகப்படுவதற்குக் காரணம் இதுதான்.

நோய் தெரியும் விதத்திலும் பெரிய வித்தியாசம் உண்டு. இரண்டு சிலிண்டரில் ஒன்று விட்டால் பாதி பலம் போய்விடும். குட்டி யானை அங்கேயே திணறும், புகை கக்கும். நான்கில் ஒன்று விட்டால் கால் பங்குதான் குறையும். ‘கொஞ்சம் இழுவை கம்மி’ என்று வாரக்கணக்கில் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். இது ஆபத்தான பொறுமை. எரியாத எரிபொருள் சைலன்சர் வழியிலுள்ள கேட்டலிஸ்டுக்குப் போய் எரிந்து அதைச் சூட்டில் பாழாக்கும். செக் இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் பாரத்தை இறக்கிவிட்டு நிறுத்துவதே லாபம்.

பழைய ஏஸில் ஆளைப் பிடிக்க ஒரு ஸ்பேனர் போதும். இன்ஜின் ஓடும்போது டீசலைப் பீய்ச்சும் நாசிலுக்குப் போகும் பைப்பின் நட்டை ஒவ்வொன்றாகச் சற்றே தளர்த்த வேண்டும். தளர்த்தியதும் இன்ஜின் சத்தம் இறங்கினால் அந்தச் சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. எந்த மாற்றமும் இல்லையென்றால் குற்றவாளி அதுவே. இரண்டும் மாறி மாறி விடுகிறதென்றால் நாசிலைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டுக்கும் பொதுவான வழியில்தான் தடங்கல். ‘ஏர் எடுக்குது’ என்று மெக்கானிக்குகள் சொல்வது பெரும்பாலும் இங்கே பொருந்தும். வெடித்த ரப்பர் ஹோஸ், தேய்ந்த செம்பு வாஷர், சரியாக உட்காராத ஃபில்டர் சீல் ஆகிய எதுவும் டீசலைக் கசியவிடாமலே காற்றை மட்டும் உள்ளே இழுக்கும். லைனின் நடுவே உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ட்யூப் ஒன்றைப் போட்டால் குமிழி கண்ணுக்கே தெரியும். அரை மணி நேரம் ஓடிய பிறகுதான் திக்குகிறது என்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘புஸ்’ என்று காற்றை இழுத்துக்கொண்டால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. ஐப்பசி மழைக்குப் பிறகு வந்த மிஸ்ஸிங் என்றால் ஃபில்டரின் அடியிலுள்ள தண்ணீரை முதலில் வடியுங்கள்.

கேஸ் வண்டியில் ஸ்கேனர் மாட்டிப் பார்க்கலாம். பி0300 என்றால் குறிப்பிட்ட சிலிண்டர் என்றில்லாமல் விடுகிறது. பி0301 முதல் பி0304 வரை என்றால் கடைசி எண்ணே சிலிண்டர் எண். தெளிவாகச் சொல்வதால் பலர் அத்துடன் நிறுத்திக்கொள்கிறார்கள். ஸ்கேனர் சொல்வது ‘யார்’ என்பதை மட்டும். கிராங்க் சுற்றும் வேகம் எந்த இடத்தில் தொய்கிறது என்று வண்டியின் கம்ப்யூட்டர் அளந்ததைப் படித்துச் சொல்கிறது, அவ்வளவே. ஏன் என்பதை மனிதர்தான் தேட வேண்டும். பொறிக்கு வோல்டேஜ் தரும் காயில் சிலிண்டருக்கு ஒன்றாக உள்ள இன்ஜின்களில் பி0302 வந்தால், இரண்டாவதன் காயிலை மூன்றாவதில் மாற்றிப் போட்டு, அதே பாரத்தோடு ஓட்டிப் பார்க்கலாம். கோடு 0303 ஆனால் காயில் கெட்டது. 0302லேயே நின்றால் காயில் குற்றமற்றது. பாரத்தோடு என்பது முக்கியம். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏறப் பொறி பாய்வதற்கு வோல்டேஜும் கூட வேண்டும். ஐடிலில் நன்றாக இருக்கும் பலவீனமான காயில், செவிலிமேட்டுப் பாலம் தாண்டி வந்தவாசி சாலையில் மூட்டைகளோடு வேகமெடுக்கும்போதுதான் கைவிடும். சேலைக் கட்டை மட்டும் ஏற்றி எத்தனை முறை டெஸ்ட் ஓட்டினாலும் அது மாட்டாது.

சிஎன்ஜி வண்டிக்காரருக்கு டீசல்காரரிடம் இல்லாத ஒரு வசதி இருக்கிறது: ஸ்விட்சைத் தட்டிப் பெட்ரோலுக்கு மாறுவது. இரண்டிலும் திக்கினால் பிளக், காயில், வால்வு போன்ற பொதுவானவற்றைப் பார்க்கலாம். கேஸில் மட்டும் திக்கினால் கேஸ் ஃபில்டர், கேஸின் அழுத்தத்தைக் குறைக்கும் ரிட்யூசர், கேஸ் இன்ஜெக்டர் என்று உடனே கழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். இங்கேதான் எனக்குக் கருத்து வேறுபாடு. கேஸ் கலவைக்குள் பொறி பாயப் பெட்ரோலைவிடக் கூடுதல் வோல்டேஜ் வேண்டும். அதனால் தேய்ந்த பிளக்கும் தளர்ந்த காயிலும் கேஸில்தான் முதலில் மாட்டும். விலை குறைந்த பிளக்கை மாற்றிப் பார்க்காமல் விலை கூடிய ரிட்யூசரில் கை வைப்பது அவசரம். மாதக்கணக்கில் தொடாமல் கிடந்த பழைய பெட்ரோலில் டெஸ்ட் செய்தால் அதுவும் ஏமாற்றும். பிளக்கும் காயிலும் சரியாயிருந்து, சூடேறிய பிறகு மட்டும் ஒரே சிலிண்டர் விட்டால் டாப்பெட் இடைவெளியை அளக்கலாம். கேஸில் ஓடும் இன்ஜின்களில் வால்வு உட்காரும் இடம் தேய்ந்து இடைவெளி சுருங்குவது உண்டு. வால்வு முழுதாக மூடாமல் கம்ப்ரஷன் கசியும்.

2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி வந்த பிறகு டீசல் ஏஸும், எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் காமன் ரெயிலுக்கு மாறி, ஸ்கேனர் உலகத்துக்குள் வந்துவிட்டது. அந்த வண்டியில் பழைய பழக்கத்தில் நட்டைத் தளர்த்தக் கூடாது. ஆயிரம் பாருக்கும் மேலான அழுத்தத்தில் தெறிக்கும் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போகும். விரலையே எடுக்க வேண்டி வரலாம். அங்கே செய்வது வேறு. ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் ட்யூபையும் தனித்தனி பாட்டிலில் விட்டு, சில நிமிடம் இன்ஜினை ஓடவிட்டு, எதில் டீசல் அதிகம் சேர்கிறது என்று பார்க்கிறார்கள். அதிகம் சேர்ந்த இன்ஜெக்டரை மட்டும் கழற்றிப் பம்ப் கடைக்கு அனுப்பினால் போதும்.